பளிச்சென்ற மீன் கண்ணில் படவில்லை!

எங்கள் பேட்டையில் குழந்தை டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைகள் அழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தொட்டியில் ஒற்றை மீன். உடம்பு பூராவும் வான நீலம். முதுகுத் துடுப்பு மட்டும் எலுமிச்சை மஞ்சள். முகத்தில் கரி பூசினாற்போல் கறுப்பு, தாடைக்குக் கீழே வெள்ளைப் பட்டி. கல்யாண வீட்டு சீரியல் விளக்குக்குத் துடுப்பு முளைத்து நீந்தினால் எப்படி இருக்கும், அப்படி!

என் சின்னவளுக்கு இழுப்பு வரும்போதெல்லாம் நாங்கள் அந்தத் தொட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏம்மா, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கலர்?"

"சாமி அப்படிப் படைச்சிருக்கார்" என்றேன்.

"அப்ப நீ வாங்கற வஞ்சிரத்துக்கு மட்டும் ஏன் குடுக்கலை? கடல்ல பெரிய மீனெல்லாம் இதைப் பார்த்துப் பிடிச்சுச் சாப்பிட்டுடாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நம்ம வீட்டிலயும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று ஆரம்பித்தாள். அதற்கும், "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில் இவருக்கு அலுவலகத்தில் பிரயாணச் சலுகை கிடைத்தது. அந்தமான் போவதென்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். போர்ட் பிளேரில் இறங்கினோம். (2024ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) செல்லுலார் சிறையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வண்டூரைப் பற்றியும், அங்கிருந்து படகில் போகிற ஜாலிபாய் தீவைப் பற்றியும்தான்.

வண்டூர் கடற்கரையில் பட்டுப்போன பெரிய பெரிய மரங்கள், வேரும் கிளையுமாக மணலில் சாய்ந்து கிடக்கின்றன. 2004ஆம் வருஷத்து சுனாமி விட்டுப்போன அடையாளம் என்றார்கள். அங்கே படகுத்துறையில்தான் மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்காவுக்கு வாசல். 1983ல் அமைத்தது, பதினைந்து தீவுகள் சேர்ந்தது. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அதைவிடப் பெரிய சோதனை பிளாஸ்டிக் சோதனை! பையைத் திறந்து, பிஸ்கட் உறை, சாக்லெட் தாள் உட்பட ஒன்று விடாமல் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினால்தான் பணம். எவர்சில்வர் டப்பாவில் புளியோதரையும், துணிப்பையில் ஆரஞ்சும் வைத்துக் கொண்டுபோன எனக்கு அன்றைக்கு ஏகப்பட்ட மரியாதை!

படகு சுமார் ஒரு மணி நேரம் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீரில் வேரூன்றிய அலையாத்திக் காடு. அப்புறம் திறந்த கடல். ஜாலிபாயில் படகுத்துறையே கிடையாது. பெரிய படகு கொஞ்சம் தள்ளியே நின்றுவிடும். அடிப்பாகம் கண்ணாடியாக உள்ள சின்னப் படகு வந்து நம்மைக் கரை சேர்க்கும். அப்படிப் போகும்போதே கடலடியைக் காட்டிவிடுகிறார்கள்.

எங்கள் படகை ஓட்டிய தம்பி தமிழர். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். "அக்கா, குனிஞ்சு பாருங்க, கூட்டமா போகுது" என்றார். குனிந்தேன். என்ன தெரிந்தது என்கிறீர்கள்? ஒன்றுமில்லை! மங்கலான நீலத்தில் பழுப்புப் பழுப்பாய்ப் பாறை. நிறம் கழன்ற பழைய புகைப்படம் மாதிரி. "எங்கேப்பா மீன்?" என்று இவர் கேட்க, "உங்க காலுக்குக் கீழேதான் சார் இருக்கு" என்று சிரித்தார். படகு ஆழம் குறைந்த இடத்துக்கு வந்த பிறகுதான் பாறை என்று நினைத்ததில் ஒரு பகுதி அசைந்து மீனாகப் பிரிந்தது. எனக்குப் பெருத்த ஏமாற்றம். டாக்டர் வீட்டுத் தொட்டியில் இருப்பதே இதைவிட நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் இறங்கியதும், முகத்தில் கண்ணாடி மாட்டி வாயில் குழாய் கடித்துக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதக்கிற விளையாட்டுக்குப் பெண் துடித்தாள். "நீயும் வந்தாத்தான்" என்று பிடிவாதம். கிணற்றடியிலேயே வழுக்கி விழுகிறவள் நான்! சுடிதாருடன், இடுப்பில் ரப்பர் வளையமும், கையில் படகுத் தம்பியின் கயிறுமாய், ராமா ராமா என்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

அப்பப்பா! இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். அதற்குள் இன்னொரு ஊர். மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், முட்டைக்கோஸ் மாதிரி மடிமடியாய்ப் பவளம். கடல் சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வரும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். பச்சையும் நீலமுமாய்க் கிளி மீன் ஒன்று பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. (இது பாறையோடு பவளத்தையும் பாசியையும் மென்று தின்று, கழிவை வெள்ளை மணலாக வெளியேற்றுகிறதாம். சற்று முன்பு அந்த மணலில் உட்கார்ந்துதான் புளியோதரை சாப்பிட்டோம். அதை இவரிடம் நான் ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.)

அப்போதுதான் வந்தான் நம் பழைய சிநேகிதன், நீல உடம்பும் மஞ்சள் துடுப்புமாய். சர்ஜன் மீன் என்று பெயர். வாலடியில் சின்னக் கத்தி மாதிரி முள் வைத்திருப்பதால் வந்த பெயர். ஒரு முழ தூரத்தில் அது தகதகவென்று ஜொலித்தது. பாசி படர்ந்த ஒரு பாறைக்குக் காவல்காரன் மாதிரி, பக்கத்தில் வந்த இன்னொரு சர்ஜன் மீனைத் துரத்திக்கொண்டு ஓடியது. பவளத்தின் விளிம்பைத் தாண்டி ஆழமான பக்கம் திரும்பியதும், நீல உடம்பு நீலத் தண்ணீரில் கரைந்தது. மஞ்சள் துடுப்பு மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் அதுவும் இல்லை. கண் முன்னால் இருந்த மீனைக் காணோம்!

ஊர் திரும்பியதும் எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் படித்தேன். பெண்ணின் கேள்வியைப் பெரிய பெரிய மேதைகளெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

இந்தோனேசியாவின் அம்பான் துறைமுகத்துக் கடலடித் தோட்டத்தைப் பார்த்து வியந்து, 1869ல் வெளியான தம் நூலில் வர்ணித்திருக்கிறார் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ். வண்ணமயமான பவளத்தின் நடுவே வண்ணமயமான மீன் மறைந்துதானே போகும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு நேர் எதிராகச் சொன்னவர் ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ். 1960களில் அவர், இந்த நிறங்கள் சுவரொட்டி மாதிரி என்றார். 'இது என் இடம், என் இனத்தான் எவனும் உள்ளே வராதே' என்று தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதி ஒட்டிய போஸ்டராம்! ஆனால் இடத்துக்காகச் சண்டை போடாமல் கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன்களிலும் பளிச்சென்ற நிறங்கள் இருக்கின்றனவே என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள்.

மீனுக்கு நிறம் தெரியுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. தெரியாது என்று ஜெர்மனியில் ஒரு கண் மருத்துவப் பேராசிரியர் அடித்துச் சொல்ல, தெரியும் என்று 1910களில் மீன்களைப் பழக்கிக் காட்டி நிரூபித்தார் கார்ல் வான் ஃப்ரிஷ். பின்னால் தேனீக்களின் நடனத்தை விளக்கியவரும் இவரேதான். இவரும் லோரன்ஸும் 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, மறைவதற்கா, காட்டிக்கொள்வதற்கா? இரண்டுக்கும்தான் என்பது இன்றைய பதில். இது எப்படி முடியும்? ஜாலிபாயில் நான் பார்த்ததே அதற்குச் சாட்சி.

மீன்களின் பார்வை நம்முடையதைப் போல் கூர்மையானதல்ல. பக்கத்திலிருந்து பார்த்தால் நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். தள்ளிப் போனால் கோடுகளும் பட்டைகளும் ஒன்றோடொன்று குழைந்து, உருவமே கலைந்துவிடும். பொடிக்கட்டம் போட்ட கைத்தறிப் புடவை ஒன்று உங்களிடமும் இருக்குமே! கையில் வைத்துப் பார்த்தால் பச்சையும் சிவப்பும் தனித்தனி. தெருமுனையில் அதைக் கட்டிக்கொண்டு வருகிறவளைப் பார்த்தால் காப்பிப்பொடி நிறம். அதே கணக்குதான். போதாததற்கு நீலம் ஆழ்கடல் தண்ணீரோடும், மஞ்சள் பவளத் திட்டின் பொதுவான நிறத்தோடும் மீன் கண்ணுக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன என்று ஆஸ்திரேலியாவில் ஜஸ்டின் மார்ஷல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆகப் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்தி. எட்ட நிற்கும் எதிரிக்கு ஒன்றுமே இல்லை.

சிவப்பு மீன் கதை இன்னும் வேடிக்கை. சூரிய வெளிச்சத்தில் முதலில் தண்ணீர் குடித்துவிடுவது சிவப்பைத்தான். பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பு பெரும்பாலும் காலி. சிவப்பு வெளிச்சமே இல்லாத இடத்தில் சிவப்பு மீன் சாம்பலாகவோ கறுப்பாகவோதான் தெரியும். மார்க்கெட்டில் ரோஜா நிறத்தில் மினுமினுக்கும் சங்கரா மீனைப் பார்த்து, 'இது எப்படிப் பிழைத்தது!' என்று இனி வியக்க வேண்டாம். தன் வீட்டில் அது மங்கலாகத்தான் இருந்தது. கூடையில் போட்டு வெயிலில் காட்டியவர்கள் நாம்தான். கண்ணாடிப் படகில் எனக்கு எல்லாமே பழுப்பாகத் தெரிந்ததன் ரகசியமும் இதுதான்.

இந்தக் கடலில் மட்டும் ஏன் இந்த அலங்காரம், நம் மெரினா பக்கம் ஏன் இல்லை என்றால், பேசுவதற்கு வெளிச்சம் வேண்டுமே! கலங்கல் தண்ணீரில் எந்த நிறமும் எட்டாது. பவளத் திட்டின் தண்ணீர் தெளிவு, ஆழம் குறைவு. ஓடி ஒளிய அடிக்கு ஒரு பொந்து. அதோடு ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான ஜாதி மீன்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நாலு பள்ளிக்கூடம் ஒரே சமயம் விட்டால் நாம் யூனிஃபாரத்தை வைத்துத்தானே நம் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறோம்? சில யூனிஃபாரம் நமக்கே தெரியாது. அம்பான் பக்கத்தில் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி மஞ்சளாய் இருக்கும் இரண்டு சின்ன மீன் இனங்கள் உண்டு. அவற்றின் முகத்தில் புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் கோலம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தம் இனத்தை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று 2010ல் கண்டறிந்தார்கள். மை இல்லாத கடிதம் மாதிரி!

தாய்மார்களுக்குப் பிடிக்கும் ஒரு சங்கதி. எம்பரர் ஏஞ்சல் என்று ஒரு மீன். வளர்ந்ததற்கு நீலமும் மஞ்சளுமாய்ப் பட்டைக் கோடு. குஞ்சுக்கோ கருநீல உடம்பில் வெள்ளை வட்டம் வட்டமாய், வேறு ஜாதி மாதிரியே சட்டை. தன்னைப்போலவே இருக்கும் மீனைத்தான் பெரிய மீன் போட்டியாளனாக நினைத்து விரட்டும். சட்டை வேறானதால் குஞ்சு பிழைத்துக்கொள்கிறது என்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி மீன் சிலவற்றில் நிஜக் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்து, பின் பக்கம் கறுப்பாய் ஒரு பொய்க் கண் இருக்கும். கடிக்க வருகிறவன் தலையை விட்டு அந்தப் பக்கம் பாயட்டும் என்பதற்காக, என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிற நமக்கு இதை விளக்கவேண்டுமா என்ன!

நிறத்தை விளம்பரப் பலகையாக வைத்துப் பிழைக்கிற வைத்தியரும் அங்கே உண்டு. நீல உடம்பில் நீளக் கறுப்புக் கோடு போட்ட க்ளீனர் மீன். பெரிய பெரிய மீன்களெல்லாம் இதனிடம் வந்து வாயைத் திறந்து காட்டி நிற்கின்றன. அதுவும் உள்ளே போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பத்திரமாக வெளியே வருகிறது. எங்கே நல்ல டாக்டர் இருக்கிறாரோ அங்கே போலி டாக்டரும் இருக்கவேண்டுமே! அச்சாக அதே நீலம், அதே கறுப்புக் கோட்டுடன் இன்னொரு மீன் உண்டு. நம்பி வந்தவன் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும்.

இந்த நிறமெல்லாம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீலம் பெரும்பாலும் சாயமே இல்லை. தோலில் உள்ள மெல்லிய படிகத் தகடுகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் தோன்றும் மாயம். மயில் கழுத்தில் உள்ளதைப் போல. மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும் சாப்பாட்டில் வருவது. காரட், பப்பாளி, முருங்கைக்கீரையில் இருக்கிற கரோட்டின் குடும்பத்துப் பொருள்தான். மீனால் அதைத் தானே தயாரிக்க முடியாது. பாசியிலிருந்து இறாலுக்கு, இறாலிலிருந்து மீனுக்கு என்று கைமாறி வரும். கறுத்த இறாலைக் கொதிக்க வைத்தால் சிவக்கிறதே, அதுவும் இதே சரக்குதான். புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது சூட்டில் விடுபட்டு நிறத்தைக் காட்டுகிறது. (நம் உடம்பில் கரோட்டின் சேர உணவில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை வேண்டும். காரட் பொரியலில் தாளிக்கிற ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கஞ்சத்தனமாகக் குறைத்துவிடாதீர்கள்.) தொட்டியில் சரியான தீனி இல்லாவிட்டால் மீன் நிறம் வெளுத்துவிடும் என்பதும் இதனால்தான்.

படகுத் தம்பி அன்று இன்னொன்றும் சொன்னார். "2010ல நீங்க வந்திருக்கணும் அக்கா. எல்லாப் பவளமும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு. 2016லயும் அப்படித்தான்." கடல் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் கொடுக்கிற நுண்பாசி வெளியேறிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். பவளத்தையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் அதோடு குறைந்துபோகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத் திட்டில் ஒரே இடத்தை 27 வருஷம் கவனித்துப் பார்த்த ஆராய்ச்சி 2022ல் வெளிவந்தது. பவளம் குறையக் குறைய அங்கே மஞ்சள், பச்சை மீன்கள் குறைந்து, கூட்டமே மங்கலாகிக்கொண்டு வருகிறதாம்.

இதையெல்லாம் படித்த பிறகு தொட்டி விஷயத்துக்கு நானே பதில் சொல்லும்படி ஆயிற்று. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். கடல் மீன்கள் அப்படியில்லை; பெரும்பாலும் பவளத் திட்டிலிருந்து பிடித்து வந்தவைதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பக்கங்களில் பொந்துக்குள் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீனைப் பொறுக்கி எடுக்கிற பழக்கமும் உண்டு. விஷம் பட்ட பவளம் பிழைப்பதில்லை. இதைப் பெண்ணிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்ப ஆச்சி வீட்டுக் கிணத்துல விடற கப்பி மீன் போதும்" என்றாள், அரை மனதாய். இன்றைக்கு அது எங்கள் வீட்டு மொட்டைமாடி அல்லித் தொட்டியில் குட்டி போட்டுக் கொசுப் புழுவைத் தின்றுகொண்டிருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மறுபடி இழுப்பு வந்தது. அதே வரவேற்பறை, அதே தொட்டி. வெள்ளைச் சுவர், வெள்ளைக் குழல் விளக்கு, ரோஜா நிறப் பிளாஸ்டிக் பவளம். நடுவில் அந்த நீல மீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. கரைவதற்கு நீலமும் இல்லை, விரட்டுவதற்கு இன்னொரு மீனும் இல்லை. கண்ணாடியில் தன் நிழலைக் கண்டதும் மட்டும் துடுப்பை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது தன்னையே 'வராதே, வராதே'ன்னு சொல்லிட்டிருக்கு" என்றாள்.

அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.